டை ராடு எண்டு: கழற்றுவதும் பூட்டுவதும்

ஸ்டியரிங்குக்கும் முன்சக்கரங்களுக்கும் நடுவில் இருப்பவை சில இரும்புத் தண்டுகளும் அவற்றைக் கோக்கும் பந்து மூட்டுகளும்தான். சிறிய கார்களில் ஸ்டியரிங் தண்டின் அடியில் பினியன் என்ற ஒரு சிறிய பற்சக்கரம் இருக்கும். அது பல் வெட்டிய ரேக்கை இடமும் வலமுமாகத் தள்ளும். ரேக்கின் இரு முனையிலும் ரேக் எண்டு, அதன் நுனியில் டை ராடு எண்டு. டை ராடு எண்டின் கூம்புத் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கையில் உள்ள துளையில் போய் உட்காரும். முன்பக்கம் முழு அச்சு உள்ள லாரி, பஸ்களில் ஏற்பாடு வேறு. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், டிராக் லிங்க் என்ற தண்டை முன்னும் பின்னும் தள்ளி ஒரு சக்கரத்தைத் திருப்பும். அச்சை ஒட்டிக் குறுக்கே ஓடும் டை ராடு மற்றச் சக்கரத்தையும் கூடவே திருப்பும். டிராக்டரிலும் பெரும்பாலும் இதே முறைதான்.

இரண்டு சக்கரமும் ஒரே அளவு திரும்பினால் போதாது. வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுவதால், உள்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு டயர் உருளாமல் சாலையில் தேய்ந்துகொண்டே வரும். மோட்டார் வண்டி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, குதிரை வண்டிக்காக இதற்கு வழி கண்டவர் மியூனிக் நகர வண்டி செய்பவர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர். அவர் சார்பில் லண்டனில் 1818இல் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். அவர் பெயரால்தான் இந்த அமைப்பு இன்றும் அழைக்கப்படுகிறது. நக்கிளின் இரு கைகளும் டை ராடும் சேர்ந்து செய்யும் கோணக் கணக்கு இது. அதனால்தான் டை ராடின் நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறினாலும் வண்டியின் போக்கே மாறிவிடுகிறது.

மூட்டின் உள்ளே பார்த்தால் ஒரு எஃகு உருண்டை, அதிலிருந்து நீளும் கூம்புத் தண்டு, அதன் நுனியில் மரை. உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் அசையும். இக்காலக் கார்களில் கிண்ணத்தின் உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் இருக்கை வைத்து, கிரீஸ் நிரப்பி, ஒரேயடியாக மூடிவிடுகிறார்கள். லாரி, டிராக்டர்களில் கிரீஸ் நிப்பிள் வைத்த மூட்டுகள் இன்னும் உண்டு. மூட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பூட் இருக்கும். பொருளின் விலையோடு பார்த்தால் பூட் ஒன்றுமில்லை, ஆனால் மூட்டின் ஆயுளை அதுதான் முடிவு செய்கிறது. பூட் நன்றாக இருந்தால் மூட்டு பல ஆண்டு உழைக்கும். அது கிழிந்துவிட்டால் கிரீஸ் வழியும், மண் உள்ளே போகும், கிரீஸும் மண்ணும் கலந்து உப்புத்தாள் போல உருண்டையைத் தேய்க்கத் தொடங்கும்.

விழுப்புரம் மாவட்டத்தில் பூட்டுக்கு வேண்டாத எல்லாம் ஒருங்கே இருக்கின்றன. வானூர், திருவக்கரைப் பக்கத்துக் கல் குவாரிச் சாலைகளில் கூர்மையான கல்தூள். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றப் போகும் வண்டிகளுக்கு வயல் சேறு. மரக்காணம் உப்பளங்களுக்குப் போய் வரும் வண்டிகளுக்கு உப்பு ஈரம். டை ராடு எண்டைத் தண்டில் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டு, உப்பு பட்டால் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு தண்டோடு ஒன்றாகிவிடும். அதைக் கழற்றுவதே பாதி நாள் வேலை ஆகிவிடுவதுண்டு. வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திண்டிவனம், விழுப்புரம் பகுதி எங்கும் வண்டிகள் நீரில் நின்றன. நீரில் நின்ற வண்டிக்கு என்ஜின் ஆயிலை மாற்றுபவர்கள் உண்டு. ரப்பர் பூட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. கீறல் விழுந்த பூட்டுக்குள் போன சேற்று நீர் வெளியே வருவதில்லை. சில மாதம் கழித்துத்தான் மூட்டு சத்தம் போடத் தொடங்கும்.

முதல் அறிகுறி மேடு பள்ளத்தில் முன்பக்கத்திலிருந்து வரும் 'டொக் டொக்' சத்தம். அடுத்து, ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினாலும் வண்டி உடனே கேட்காது. நேர் சாலையில் கையை அடிக்கடி அசைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். சென்னையிலிருந்து வரும் நாற்கரச் சாலை திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம், திருச்சி என்று நீள்கிறது. அதில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் தாண்டிவிடும். அந்த வேகத்தில் மூட்டு கழன்றால் ஒரு சக்கரம் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். பிரேக் அடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி ஸ்டியரிங்குக்கானது. ஸ்டியரிங் சக்கரத்தில் வீண் ஆட்டம் 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது, தண்டுகளை இணைக்கும் எல்லாப் பந்து மூட்டுகளுக்கும் ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டோ பின்னோ போட்ட இடமெல்லாம் அவை கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. 30 பாகை என்பது உச்ச வரம்பு. ரேக் வைத்த நல்ல கார் ஒன்றில் அதில் ஒரு சிறு பங்கே இருக்கும். டி.என். 32 விழுப்புரம் பதிவு, டி.என். 16 திண்டிவனம் பதிவு, எந்த வண்டியானாலும் வாடகை வண்டிக்கு முதல் 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று (எஃப்.சி.) எடுத்தாக வேண்டும். அங்கே கிழிந்த பூட்டும் ஸ்பிளிட் பின் இல்லாத நட்டும் குறையாகவே எழுதப்படும். சொந்தக் காருக்கு 15 ஆண்டு வரை இந்தச் சோதனை கிடையாது. அதுவரை பார்க்க வேண்டிய பொறுப்பு வண்டிக்காரருடையதே.

வீட்டில் சோதிப்பது எளிது. வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் சிறிது சிறிதாக ஆட்ட வேண்டும். மற்றவர் டார்ச் வைத்து, டை ராடு எண்டின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தண்டு நகர்ந்தும் நக்கிள் கை உடனே நகரவில்லை என்றால் மூட்டு போய்விட்டது. விரல் நுனிக்கு அந்தத் தட்டல் தெளிவாகத் தெரியும். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ராடு, ரேக் எண்டு இவற்றின் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் தெரிவது வீல் பேரிங், கீழ் பால் ஜாயிண்ட், லாரியானால் கிங் பின் இவற்றின் ஆட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல மூட்டை மாற்றிவிட்டு ஆட்டம் போகவில்லையே என்று தவிப்பது அடிக்கடி நடக்கிறது.

எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். வெளிப்பக்க டை ராடு எண்டை, கைப்பழக்கம் உள்ள எவரும் வீட்டு முற்றத்தில் மாற்றலாம். ரேக் எண்டு மாற்றப் பொறுமையும் தனிக் கருவியும் வேண்டும். ரேக், ஸ்டியரிங் பாக்ஸ், கிங் பின் எல்லாம் பட்டறைக்கே போக வேண்டும். வளைந்த டை ராடைச் சூடு காட்டி நிமிர்த்துவதும், தேய்ந்த துளையிலோ முறிந்த தண்டிலோ வெல்டிங் வைப்பதும் யாரும் செய்யக் கூடாதவை. அடித்து உருவாக்கி, பதம் ஏற்றிச் செய்த எஃகு இது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தை அழித்துவிடும். பிறகு அது முன்னறிவிப்பு இல்லாமல் முறியும்.

உதிரிப்பொருளைப் பொறுத்தவரை இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நெருக்கம் உண்டு. 1929இல் சென்னையில் மோட்டார் பொருள் விற்பனையில் தொடங்கிய ரானே நிறுவனம் பிறகு டை ராடு எண்டுகளைத் தானே செய்யத் தொடங்கி, ஸ்டியரிங் பாகங்களுக்கே பெயர் பெற்றது. அதன் தொழிற்சாலைகளில் ஒன்று விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், வளவனூரைத் தாண்டி வரும் திருபுவனையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் பொருளானாலும் பில்லோடு வாங்க வேண்டும். பெட்டியில் அச்சு மங்கல், உடைந்த முத்திரை, கையால் ஆட்டினாலே தளர்வாக அசையும் உருண்டை, மெலிந்த பூட் இவை போலியின் அடையாளங்கள். புதிய மூட்டு கையில் இறுக்கமாக, ஒரே சீரான பிடிப்போடு அசைய வேண்டும். இடது, வலது என்று தனித்தனிப் பொருள் வரும் வண்டிகள் உண்டு. பழையதைக் கழற்றும் முன்பே புதியதை அதன் பக்கத்தில் வைத்து நீளம், வளைவு, கூம்பின் பருமன், மரை எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. விலை சில நூறு ரூபாய் என்பதால் போலியில் மிச்சப்படுத்த எதுவும் இல்லை.

கருவிகள் அதிகம் இல்லை. நல்ல ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, வீல் ஸ்பேனர், ரிங் ஸ்பேனர்கள், கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், இரண்டு சுத்தியல், பால் ஜாயிண்ட் புல்லர், முடிந்தால் டார்க் ரெஞ்ச். ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக்கோ செங்கலோ அடுக்குவது ஊர்ப்பக்கம் வழக்கமாக நடக்கிறது. பளு ஒரு முனையில் விழுந்தால் ஹாலோ பிளாக் சொல்லாமல் நொறுங்கும். அதன் அடியில் இருப்பது மனிதத் தலை. மண் தரையானால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே தடித்த மரப்பலகை போட வேண்டும். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக்கையும் போட்டுவிட வேண்டும்.

முதல் நாள் மாலையே மரைகளைக் கம்பி பிரஷால் தேய்த்து எண்ணெய் விட்டு வைத்தால் மறுநாள் வேலை பாதியாகிவிடும். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு, பிறகு தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்துச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சாவியைப் போட்டு ஸ்டியரிங் லாக்கை விடுவித்து, கைக்கு இடம் கிடைக்கும்படி திருப்பிக்கொள்ளலாம். அடுத்தது அடையாளம். டை ராடு எண்டும் லாக் நட்டும் தண்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட வேண்டும். வெளியே தெரியும் மரையின் நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே லாக் நட்டைக் கால் சுற்று இளக்கலாம். கூம்பு இன்னும் நக்கிளில் இறுகி நிற்கும்போது இதைச் செய்தால்தான் தண்டு சுழலாமல் பிடி கிடைக்கும்.

இனி கூம்பு. ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி எடுத்துவிட்டு, தலையில் வெட்டுள்ள கேஸ்டில் நட்டை முழுதும் கழற்றாமல் நுனியில் இரண்டு மூன்று மரை பிடிப்போடு விட்டுவைக்க வேண்டும். கூம்பு விடுபடும்போது தண்டு கீழே பாயாமல் அந்த நட்டு தடுக்கும். பல வண்டிகளில் இந்தக் கூம்பின் சரிவு பத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். இவ்வளவு மெல்லிய சரிவு, இறுக்கியதும் உலோகத்தோடு உலோகமாகப் பற்றிக்கொள்ளும். கையால் இழுத்தால் நகராது. புல்லரைப் பொருத்தி அதன் திருகை இறுக்கிக்கொண்டே போக வேண்டும். இனி இறுகாது என்ற நிலை வந்ததும், நக்கிள் கையில் கூம்பு உட்கார்ந்திருக்கும் வளையத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓர் அடி. ஓசை மாறி 'டங்' என்று மூட்டு விடுபடும். புல்லர் இல்லாதவர்கள் வளையத்தின் எதிர்ப்பக்கம் ஒரு கனத்த சுத்தியலை அணைத்துப் பிடித்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் அடிப்பார்கள். அதிர்ச்சியில் துளை நொடிப்பொழுது விரிந்து கூம்பு விழும். மரை நுனியில் நேராக அடிப்பதுதான் தவறு. மரை கசங்கிவிடும், கூம்பும் விடாது. கவட்டை இரும்பைச் செருகி நெம்பினால் பூட் கட்டாயம் கிழியும், அதனால் எறியப் போகும் மூட்டுக்கு மட்டுமே அது சரி.

கேஸ்டில் நட்டைத் திருப்பும்போது கூம்புத் தண்டும் கூடவே சுழல்வது வழக்கமான தொல்லை. மூட்டின் தலைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து மெல்லத் தூக்கினால் கூம்பு துளையில் மீண்டும் இறுகிப் பிடித்துக்கொள்ளும், நட்டு கழன்று வரும். துருப்பிடித்த லாக் நட்டுக்குத் தீ காட்டுவது பட்டறை வழக்கம். ரேக்கின் ரப்பர் உறையும் கிரீஸும் ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் வீட்டில் அது வேண்டாம். எண்ணெய், பொறுமை, நீளமான ஸ்பேனர் இவை போதும்.

பழைய எண்டைத் தண்டிலிருந்து கழற்றும்போது சுற்றுகளை எண்ண வேண்டும். புதியதை அதே எண்ணிக்கை ஏற்றினால் நீளம் ஏறக்குறைய பழைய அளவுக்கே வரும். இதில் ஒரு சுற்று தவறினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர், நக்கிள் கையின் நீளம் 13 சென்டிமீட்டர், டயரின் விட்டம் 56 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்று பிசகினால் டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நடுவில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். பல கார்களுக்கு நிர்ணயித்த அளவே பூஜ்யத்தை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். லாரி, டிராக்டர்களின் நீண்ட டை ராடில் ஒரு முனை இடமரையாக இருக்கும். குழாயைத் திருப்பினாலே நீளம் கூடவும் குறையவும் அப்படிச் செய்திருக்கிறார்கள். அது தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பி இறுக்கிவிட்டு, நட்டு பிடித்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

பொருத்துவதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. கழற்றியதில் தவறு நேர்ந்தால் ஒரு பொருள் கெடும், பூட்டியதில் தவறு நேர்ந்தால் ஓடும்போது மூட்டே கழலும். கூம்பையும் துளையையும் துணியால் துடைத்து, துளி எண்ணெயும் இல்லாமல் காயவைத்துச் சேர்க்க வேண்டும். கூம்பின் பிடி உலர்ந்த உராய்வில்தான் இருக்கிறது. துளையில் கீறலோ முட்டை வடிவத் தேய்மானமோ தெரிந்தால், புதிய எண்டு போட்டும் பயனில்லை, நக்கிளையே மாற்ற வேண்டும். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். சிறு கார்களில் 30 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை வருவது வழக்கம். இறுக்கிய பிறகு நட்டின் வெட்டும் தண்டின் துளையும் நேர்ப்படவில்லை என்றால் இன்னும் சற்று இறுக்கி நேர்ப்படுத்த வேண்டும், ஒருபோதும் இளக்கி நேர்ப்படுத்தக் கூடாது. பிறகு புதிய ஸ்பிளிட் பின் போட்டு இரு காலையும் நன்றாக மடக்க வேண்டும். பழைய பின்னையோ கட்டுக்கம்பியையோ ஆணியையோ செருகும் பழக்கம் உள்ள இடங்களில்தான் சக்கரம் திசைமாறும் விபத்துகளுக்கு வழி திறக்கிறது. நைலாக் நட்டு வரும் வண்டியானால் நட்டே புதியதாக இருக்க வேண்டும், அதன் நைலான் வளையம் ஒருமுறைக்குத்தான் முழுப் பிடி தரும். கடைசியாக, மூட்டு தன் அசைவின் நடுவில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்த நிலையில் இறுக்கினால் முழுத் திருப்பத்தில் உருண்டை கிண்ணத்தின் விளிம்பில் முட்டி, பூட்டையும் தண்டையும் கெடுக்கும்.

ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கமும் அதே தூரம் ஓடியிருக்கும், அதனால் இரண்டையும் மாற்றுவது நியாயம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே கழற்ற வேண்டும். ஐயம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ரேக் எண்டு மாற்ற, முதலில் ரப்பர் உறையின் கிளிப்புகளைக் கழற்றி உறையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். லாக் வாஷர் மடக்கியிருந்தால் நிமிர்த்த வேண்டும். ரேக்கைத் தனியாக ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு எண்டைத் திருக வேண்டும். பிடிக்காமல் முறுக்கினால் அந்த முறுக்கு முழுதும் ரேக்கின் பல்லிலும் பினியனிலும் இறங்கும். உறையில் சிறு கிழிசல் இருந்தாலும் அதையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும்.

டிராக்டரில் டை ராடு வேலை வேறு காரணத்துக்காகவும் வரும். பயிரின் வரிசை இடைவெளிக்கு ஏற்ப முன்சக்கரங்களின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் வைப்பார்கள். அச்சை நீட்டினால் டை ராடையும் அதே அளவு, இரு பக்கமும் சமமாக நீட்டியாக வேண்டும். குழாயைப் பிடிக்கும் கிளாம்பு போல்ட்டுகளை மறுபடி இறுக்க மறப்பது அங்கே நடக்கும் பெரிய பிழை. கரும்பு டிரெய்லர் இழுக்கும் டிராக்டருக்கு முன்பளு குறைந்து ஸ்டியரிங் ஏற்கெனவே இலேசாகியிருக்கும். தளர்ந்த டை ராடும் அதோடு சேரக் கூடாது.

சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டிய பிறகு, இரு முன் டயர்களின் நடுக்கோட்டில் சாக்பீஸ் புள்ளி வைத்து அச்சின் உயரத்தில் முன்பக்கம் அளக்கலாம். வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே புள்ளிகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே டோ. வீட்டில் செய்யும் இந்த அளவு பட்டறை வரை பத்திரமாகப் போய்ச் சேர உதவும். வீல் அலைன்மெண்ட் கருவியில் வைத்துச் சரிபார்ப்பதை அது ஈடுசெய்யாது. டை ராடு தொட்ட வண்டிக்கு அலைன்மெண்ட் செய்யாமல் விட்டால், மிச்சம் பிடித்த கூலியைவிடப் பல மடங்கு விலையுள்ள டயர் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும்.

முதல் ஓட்டம் ஊருக்குள்ளேயே, மெதுவாக இருக்க வேண்டும். இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது ரப்பரோ பிரேக் குழாயோ உரசக் கூடாது. கையை இலேசாக விட்டால் வண்டி நேராகப் போக வேண்டும். ஸ்டியரிங் நடுவில் நிற்காமல் சாய்ந்திருந்தால் இரு பக்க நீளமும் சமமாக இல்லை என்று பொருள். அலைன்மெண்ட் முடிந்த பிறகு லாக் நட்டின் மேலும் தண்டின் மேலும் சேர்த்து ஒரு புதிய பெயின்ட் கோடு போட்டுவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் குனிந்து பார்க்க வேண்டும். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் நட்டு இளகுகிறது. கூம்பின் நட்டு கேஸ்டில் நட்டானால் பின்னின் கால்கள் தேய்ந்து பளபளக்கின்றனவா என்றும், பூட்டின் அடியில் கிரீஸ் ஈரம் தெரிகிறதா என்றும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறையும், இதே மூன்று இடங்களில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.